ஒரே மதிப்பெண், மூன்று காரணங்கள்: ஐந்தாம் வகுப்பு அறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில், ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2024-25 கல்வியாண்டில் நடந்தது இது. ஊர், பள்ளி, பிள்ளைகள், ஆசிரியை ஆகியோரின் பெயரும் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

நான்காம் வகுப்பில் 15 பேர், ஐந்தாம் வகுப்பில் 19 பேர். இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே இடைநிலை ஆசிரியை. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது இன்னொரு வகுப்பு தானாக ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டும். இந்தப் பள்ளி போன்ற சிறிய பள்ளிகளில் இது வழக்கமான நிலைதான். கீழே வரும் முடிவுகள் எல்லாம் இந்த நெருக்கடிக்குள் எடுக்கப்பட்டவை.

2022-23இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் பழக்கம் அதனால் பள்ளியில் ஊறியிருந்தது. பிள்ளையின் நிலை என்ன என்பதை அது சொல்லிவிடும். அந்த நிலையிலேயே பிள்ளை ஏன் நிற்கிறது என்பதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஆய்வு அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

செப்டம்பரில் முதல் பருவத் தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ முடிவுத் தேர்வு, முடிந்தது. ஐந்தாம் வகுப்பில் மூன்று பேர் தமிழில் 60க்கு 14, 16, 13 வாங்கியிருந்தார்கள். ஒரு சிறுமி, இரண்டு சிறுவர்கள். மற்றப் பாடங்களிலும் ஏறக்குறைய அதே கதை. மூவரும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்ந்தார்கள். பட்டியலில் சேர்ந்தவர்களுக்கு என்று பள்ளியில் ஒரு வழக்கமான மருந்து இருந்தது: தினமும் இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் பார்த்து எழுதுவது, மாலையில் இருபது சொல் சொல்வதை எழுதுவது. மூவரும் கடைசி வரிசையில் ஒன்றாக உட்கார்ந்து இதைச் செய்தார்கள்.

நான்கு வாரம் கழித்து நோட்டுகளைப் பார்த்தால் கையெழுத்து மட்டும் திருந்தியிருந்தது. பார்த்து எழுதுவதற்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எழுத்தின் வடிவத்தைக் கண் பார்க்கும், கை வரையும், அவ்வளவே. பக்கம் நிறைந்திருப்பதால் வேலை நடந்திருக்கிறது என்ற நிறைவு மட்டும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கிடைத்துவிடுகிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சி இது, பலன் குறைவான பயிற்சியும் இதுதான்.

தனித்தனியே பார்த்தது

அதன்பின் ஆசிரியை மூவரையும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாக உட்காரவைத்துப் பார்த்தார். காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் எட்டேகாலுக்கே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கும் இறைவணக்கத்துக்கும் இடையில் இருக்கும் நேரம் இதற்குப் பயன்பட்டது.

நான்கு வேலைகள் கொடுக்கப்பட்டன. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் அறுபது சொல் உள்ள ஒரு பத்தியைச் சத்தமாகப் படிப்பது. ஐந்தாம் வகுப்புப் பத்தி ஒன்றை ஆசிரியை படிக்கக் கேட்டு, ஐந்து கேள்விக்கு வாயால் பதில் சொல்வது. புத்தகத்திலிருந்து ஆறு வரி, கரும்பலகையிலிருந்து ஆறு வரி எழுதுவது. கணக்கில் ஐந்தை மனக்கணக்காகவும், அதே அளவு கடினமான ஐந்தைத் தாளிலும் போடுவது.

ஒவ்வொரு வேலையும் ஜோடியாக வருவதைக் கவனிக்க வேண்டும். படிப்பதற்கு எதிரே கேட்பது, புத்தகத்துக்கு எதிரே பலகை, வாய்க்கு எதிரே தாள். ஜோடியில் ஒன்று நன்றாக வந்து மற்றது வராவிட்டால் தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டுமே வராவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். இதற்குத் தனிப் படிவமோ கருவியோ தேவைப்படவில்லை.

ஒரே வாரத்தில் மூன்று வேறு பிள்ளைகள் தெரிந்தார்கள்.

சிறுமி: பலகை தெரியவில்லை

சிறுமி புத்தகத்தை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு பத்தியைத் தடையில்லாமல் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்தபோது அதையும் படித்தாள். புத்தகத்திலிருந்து எழுதிய ஆறு வரியில் ஒரு பிழை. பலகையிலிருந்து எழுதிய ஆறு வரியிலோ பதினேழு பிழை, ஒரு வரி முழுதாக விடுபட்டிருந்தது. ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ய’, ‘ண’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ன’.

உயரமான பெண் என்பதால் முதல் வகுப்பிலிருந்தே கடைசி வரிசை. பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிப் பழகியிருந்தாள். ஆசிரியர் கண்ணுக்கு அது ‘காப்பியடிக்கும் பழக்க’மாகப் பட்டது. பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்கு எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்ற நினைப்புதான் இருக்கும். தானாக வந்து சொல்லாது.

ஆசிரியை வராந்தாவில் நல்ல வெளிச்சத்தில் ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டு, ஆங்கில ‘E’ வடிவப் பார்வை அட்டையை மாட்டினார். அந்த வடிவத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். மூடும் கண்ணை உள்ளங்கையைக் குவித்து மறைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் கலங்கியே இருக்கும், அடுத்து அதைச் சோதிக்கும்போது தப்பான முடிவு வரும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவன் காட்டுவதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்பதால் ஒவ்வொருவராகத்தான் அழைக்க வேண்டும். சிறுமியால் இரண்டு கண்ணிலும் 6/12 வரியை (நல்ல பார்வை உள்ளவர் பன்னிரண்டு மீட்டரிலிருந்தே பார்த்துவிடும் வரி) எட்ட முடியவில்லை. அரசு மருத்துவமனையில் கிட்டப்பார்வை என்று உறுதிசெய்து கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கண்ணாடி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை சிறுமி பலகைக்கு நேர் எதிரே இரண்டாவது வரிசைக்கு மாறினாள். சன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் இடது பாதி பளபளத்தது. தேய்ந்த பலகைக்கு இது எப்போதும் வரும் கோளாறு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்கப்பட்டது. எழுத்தை இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல் எழுதுவது என்றும், எழுதும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு எழுதுவது என்றும் ஆசிரியை வைத்துக்கொண்டார். சொல்லிக்கொண்டே எழுதும் வழக்கத்தால் இந்தச் சிறுமியோடு வேறு பல பிள்ளைகளும் பயனடைந்தார்கள்.

கண்ணாடி கைக்கு வந்த பிறகு அதைப் போடவைப்பதுதான் கடினமாக இருந்தது. முதல் வாரம் அது பைக்குள்ளேயே கிடந்தது. “பொம்பளப் புள்ள டீச்சர், இப்பவே சோடாபுட்டி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? போட்டுப் பழகிட்டா பவரும் ஏறிக்கிட்டே போகுமாம்” என்றார் தாய். கண்ணாடி போடுவதால் பார்வை கெடாது, வளரும் வயதில் கண்ணும் வளர்வதால் எண் மாறும், ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும் என்று ஆசிரியை விளக்கினார். தாயைப் பலகைக்கு எதிரே கடைசி வரிசையில் நிறுத்தி, மகளைக் கண்ணாடி இல்லாமலும் கண்ணாடியோடும் படிக்கச் சொன்னது அந்த விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது. இன்னொரு காரணமும் இருந்தது. சட்டம் தளர்வாக இருந்ததால் குனிந்தால் கண்ணாடி விழுந்தது. டவுனில் ஒரு கடையில் காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்த பிறகு அது முகத்திலேயே தங்கியது.

முதல் சிறுவன்: கேட்டால் புரிகிறது, படித்தால் வரவில்லை

தந்தை டீக்கடை வைத்திருக்கிறார். மனக்கணக்கு ஐந்தும் சரி. ‘எட்டு டீ, மூணு வடை, இருநூறு ரூபா கொடுத்தா மீதி எவ்வளவு’ என்பது அவனுக்கு யோசிக்க வேண்டிய கணக்கே இல்லை. ஆசிரியை படித்துக் காட்டிய ஐந்தாம் வகுப்புப் பத்தியில் ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னான். பத்தியில் நேரடியாக இல்லாத காரணத்தைக் கேட்டபோதுகூட ஊகித்துச் சொன்னான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பத்தியில் ஒரு நிமிடத்தில் 11 சொல்தான் படித்தான், அதில் ஆறு தவறு. “கடையில எல்லாக் கணக்கும் சொல்றான். நோட்டுல மட்டும் ஏன் டீச்சர் வர மாட்டேங்குது? திமிரா?” என்று தந்தை கேட்டிருந்தார்.

தவறுகளை எண்ணி மட்டும் விடாமல் ஆசிரியை அவற்றை அப்படியே எழுதிவைத்தார். ‘கோடை’ என்பதை ‘காடை’ என்று படித்தான். ‘பொம்மை’ என்பதைப் ‘பாமை’ என்றான். ‘நூல்’ என்பதில் நின்றுவிட்டான். ‘பக்கம்’ என்று சொல்ல ‘பகம்’ என்று எழுதினான்.

இந்தத் தவறுகளுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ‘கோ’ என்ற ஒலி வாயில் ககரத்தில் தொடங்குகிறது. தாளிலோ முதலில் இரட்டைக்கொம்பு நிற்கிறது, நடுவில் ‘க’, கடைசியில் துணைக்கால். இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஒலியே இல்லாத ஒரு குறி. அதைத் தாண்டிவிட்டு, தெரிந்த ‘க’வையும் தெரிந்த காலையும் சேர்த்துக் ‘கா’ என்று படித்துவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாமாகக் கடந்துவிடுவார்கள், சிலர் கடக்க மாட்டார்கள். உகரத்தில் வேறு சிக்கல். பதினெட்டு மெய்க்கும் உகரம் மூன்று வகையாக ஏறுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு, ஙு இன்னொன்று. து, நு, லு, று, ணு, னு, ஞு மூன்றாவது. ‘கால் போட்டால் ஆ’ என்பது போல உகரத்துக்கு ஒரே விதி கிடையாது. ஊகாரத்தில் ‘கூ’ யாரோடும் சேராமல் தனித்து நிற்கிறது.

கற்றல் குறைபாடு, அதாவது அறிவுத்திறன் இருந்தும் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ தடை வருவது, இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. ஐயத்தை முடிவாகச் சொல்லும் தகுதி வகுப்பாசிரியருக்கு இல்லை. அதனால் தந்தையிடம் அந்தப் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. “திமிர் இல்லங்க. காதால கேட்டா எல்லாம் புரியுது. எழுத்த ஒலியா மாத்துற இடத்துல மட்டும் சிக்குது. அதுக்குத் தனிப் பயிற்சி குடுக்கிறேன், நீங்க வீட்டுல திட்டாம இருந்தா போதும்” என்று சொன்னார் ஆசிரியை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குத் தகவல் போனது. அவர் நவம்பரில் வந்து பார்த்து, மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பெயர் சேர்த்தார்.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அதை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் வழிகளை எடுப்பது பள்ளியின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயதுக்குப் பிறகே சான்று தரலாம் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு வேண்டும் என்றும் அது சொன்னது. பார்வை, கேட்கும் திறன், அறிவுத்திறன் எல்லாம் சோதித்த பிறகே சான்று கிடைக்கும். இதற்கு மாதங்கள் ஆகும். சான்று வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முக்கியமான முடிவு. சான்று தேர்வுச் சலுகைகளுக்குத்தான் தேவைப்படும். சரியாகக் கற்பிக்க எந்தத் தாளும் வேண்டாம்.

பயிற்சி வாரம் நான்கு நாள், காலை 8.50 முதல் 9.10 வரை. மெய் எழுத்துகள் ஒரு கட்டு அட்டையில் கறுப்பு மையில். குறிகள் வேறொரு கட்டில் சிவப்பு மையில். துணைக்கால் முதலில், பிறகு இகர ஈகாரம், பிறகு உகரம் குடும்பத்துக்கு ஒரு வாரமாக, அதன்பின் ெ, ே, ை, கடைசியில்தான் ொ, ோ. ‘கோ’ செய்ய மேசையில் ‘க’வை வைத்து இரண்டு பக்கமும் சிவப்பு அட்டைகளை அவனே வைக்க வேண்டும். படிக்கும்போது மூன்று படி: கொம்பு கண்டால் நில், அடுத்த எழுத்தைத் தாண்டிக் கால் இருக்கிறதா பார், பிறகு வாயைத் திற. முதல் பத்து நாள் அவன் விரலால் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டே படித்தான். அவசரப்படுத்தவில்லை. மெய்யெழுத்துக்கு மேசையில் ஒரு தட்டு. பக்-கம் என்று தட்டிப் பிரித்துச் சொன்ன பிறகு எழுதச் சொன்னால் புள்ளி விடுபடுவது குறைந்தது.

ஒரு பயிற்சி கெட்டது. டிசம்பரில் ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் ஒப்பிட்டுக் கற்பித்தபோது, அதுவரை சரியாக எழுதிய ‘பள்ளி’யைக்கூடப் ‘பல்லி’ என்று எழுதத் தொடங்கினான். வித்தியாசத்தைக் காட்டுவதற்காக அருகருகே வைப்பது தெரிந்தவர்களுக்கு உதவும், தடுமாறுகிறவனை இன்னும் குழப்பும். அதை நிறுத்திவிட்டு ‘ள’ மட்டும் இரண்டு வாரம் போனது. ‘ல’ பிறகு வந்தது. ‘ழ’ அந்த ஆண்டு முழுதாக முடியவில்லை. ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும்கூட இப்படிப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் எடுக்க வேண்டியிருந்தது.

வகுப்பில் வேறொன்று கவனிக்கப்பட்டது. வரிசையாகப் படிக்கும் பாடவேளையில் தன் முறை நெருங்கினால் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பான். அதன்பின் முன்னறிவிப்பு இல்லாமல் அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்வது நிறுத்தப்பட்டது. நாளைக்கு எந்த இரண்டு வரி என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார் ஆசிரியை. வீட்டில் அக்காவிடம் படித்துப் பார்த்துவிட்டு வந்தான். ஜனவரிக்குப் பிறகு அனுமதி கேட்பது நின்றது.

அறிவியல், சமூக அறிவியல் வகுப்புத் தேர்வுகளில் கேள்விகளை ஆசிரியை படித்துக் காட்ட, அவன் சொல்லும் பதிலைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். இதற்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் பிடித்தது. “மத்த புள்ளைங்களுக்கு இது அநியாயம் இல்லையா டீச்சர்?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தேர்வு எதை அளக்கிறது என்பதில் பதில் இருக்கிறது. அறிவியல் தேர்வு அறிவியலை அளக்க வேண்டும், படிக்கத் தெரியாதது அங்கே குறுக்கே வரக் கூடாது. தமிழில் படித்தல் மதிப்பீட்டில் அவனுக்குக் கேள்வியைப் படித்துக் காட்டவில்லை, அங்கே அளப்பதே அதைத்தான்.

இரண்டாம் சிறுவன்: கற்பிக்கவே இல்லை

பொங்கல் முடிந்ததும் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விடும், கோடை மழைக்குத்தான் திரும்பும். மூன்றாம், நான்காம் வகுப்புகளின் கடைசிப் பருவம் முழுவதும் அவன் பள்ளியில் இல்லை. படிப்பது மெதுவாக வந்தாலும் சரியாக வந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதும் படிப்பதும் ஒரே அளவில் இருந்தன. மனக்கணக்கு, தாள் கணக்கு இரண்டிலும் ஒரே இடங்களில் நின்றான்.

402-இலிருந்து 137-ஐக் கழிக்கச் சொன்னபோது 335 என்று எழுதினான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் பூஜ்யம் போனால் மூன்று, நான்கில் ஒன்று போனால் மூன்று. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, ‘கடன் வாங்குதல்’ நடந்த நாட்களில் அவன் வகுப்பில் இல்லை.

இவனை முதல் வகுப்பிலிருந்து தொடங்கவைக்கத் தேவையில்லை என்று முடிவானது. விடுபட்டவை மட்டும் ஒரு பட்டியலாக எழுதப்பட்டன: பூஜ்யம் உள்ள எண்ணில் கழித்தல், 6 முதல் 9 வரை வாய்பாடு, ஈரிலக்க எண்ணால் பெருக்கல், மீதியோடு வகுத்தல், பின்னத்தின் தொடக்கம். கழித்தலுக்கு விளக்குமாற்றுக் குச்சிகள் போதுமானவையாக இருந்தன. நூறு குச்சிக் கட்டு நான்கு, தனிக் குச்சி இரண்டு. ஏழு குச்சி எடுக்க முடியவில்லை. பத்துக் கட்டும் இல்லை. ஆகவே ஒரு நூறைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டுகளாக்க வேண்டும், அதில் ஒரு பத்தைப் பிரித்துத் தனிக் குச்சிகளாக்க வேண்டும். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு குச்சி. நடுவில் ஒன்பது எங்கிருந்து வந்தது என்பதை அவனே ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தான். 265 வந்தது. ஐந்தாவது கணக்குக்குக் குச்சி வேண்டாம் என்றான். டிசம்பருக்குள் பட்டியலில் முக்கால்வாசி முடிந்தது. இடைவெளியால் பின்தங்கிய பிள்ளை கற்பித்தால் வேகமாக ஏறுவான். முதல் சிறுவனிடமிருந்து இவனைப் பிரித்துக் காட்டியது இந்த வேகம்தான்.

வகுப்பறை ஏற்பாடு

மூன்று பேருக்காக மற்ற 31 பேரை விட முடியாது. பாடவேளை 45 நிமிடம் என்றால் முதல் பதினைந்து எல்லாருக்கும் ஒரே பாடம், வாய்மொழியாக. அடுத்த இருபது நிமிடம் ஒரே பொருளில் வேறு வேறு வேலை. கடைசிப் பத்து மீண்டும் எல்லாரும் சேர்ந்து. நீர் ஆவியாகி மேகமாவது பற்றிய பாடத்தில் ஒரு குழு படத்துக்குப் பெயர் எழுதியது, ஒரு குழு நிலைகளை வரிசைப்படுத்தி வாக்கியமாக்கியது, இன்னொரு குழு ஈரத்துணி வெயிலிலும் நிழலிலும் காய எடுக்கும் நேரத்தை அளந்தது. முடிவில் மூன்று குழுவும் சேர்ந்தே பாடத்தைச் சொல்லி முடித்தன.

குழுக்கள் நிலையாகிவிட்டால் கெடுதல் தொடங்கும். அக்டோபரில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவன், வந்திருந்த ஆய்வாளரிடம் தன் பெயருக்குப் பதில் “நான் அரும்பு சார்” என்று சொன்னான். அதன்பின் குழுக்கள் பாடத்துக்குப் பாடம் மாற்றப்பட்டன. டீக்கடைச் சிறுவன் கணக்கில் முன்குழுவில் இருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறினார்கள்.

வேகமாக முடிக்கும் ஒரு மாணவியும் இந்த அறையில் இருந்தாள். வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள், உடனே ‘குட்டி டீச்சர்’ ஆகிவிடுவாள். “எம் பொண்ணு படிக்க வர்றாளா, பாடம் நடத்த வர்றாளா?” என்று அவள் தாய் கேட்டார். கற்றுக்கொடுப்பது அவளுக்கும் நல்லதுதான், ஆனால் தினமும் அதுவே வேலையானால் அவள் கற்பது நின்றுவிடும். அது வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம் என்று குறைக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் மழையளக்கும் வேலை அவளுக்கும் டீக்கடைச் சிறுவனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நேரான பக்கமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்துக் காலையில் அளவுகோலால் ஆழம் பார்க்க வேண்டும். அடி குறுகிய டப்பா என்றால் அளவு தப்பாகும். அவன் அளந்து சராசரியை மனதில் போட்டான், அவள் எழுதி வரைபடம் வரைந்தாள். அந்த வரைபடத்தை வைத்து வகுப்புக்குப் பாடம் நடந்தது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், மூன்று பத்தி: தேதி, இன்று என்ன செய்தான், அடுத்து என்ன. ஆசிரியை வைத்திருந்த பதிவு இவ்வளவுதான். ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைக்கு மேல் எழுத முயன்றால் எழுதுவதே வேலையாகிவிடும் என்று தெரிந்ததால் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு

இரண்டாம் சிறுவனின் குடும்பம் ஜனவரி இறுதியில் கிளம்பியது. அவனைப் பாட்டியிடம் விட்டுப்போகச் சொல்லிப் பார்த்தார் ஆசிரியை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அதன்பின் சூளைக்கு அருகில் உள்ள பள்ளியில் சேர்ப்பது என்று முடிவானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. சான்றிதழோடு முடித்த பகுதி, முடிக்காத பகுதி, அடுத்த கணக்கு என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்தனுப்பப்பட்டது.

மூன்று வாரம் அவன் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. சூளையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையைக் கடந்து. ஆசிரியை அங்குள்ள வட்டார வள மையத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு, அவர்கள் சூளைக்கே போய் அழைத்து வந்த பிறகே சேர்ந்தான்.

விளைவு

ஏப்ரல் மதிப்பீட்டில் சிறுமி தமிழில் 60க்கு 43 வாங்கினாள். எந்தத் தனிப் பயிற்சியும் அவளுக்குத் தரப்படவில்லை. கண்ணாடியும் இடமாற்றமும் மட்டுமே.

முதல் சிறுவன் அதே அளவிலான இரண்டாம் வகுப்புப் பத்தியில் நிமிடத்துக்கு 27 சொல் படித்தான், மூன்று தவறு. தமிழ் எழுத்துத் தேர்வில் 23. படித்துக் காட்டிய அறிவியல் தேர்வில் 44. ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் தானாகப் படிக்கும் நிலை இன்னும் வரவில்லை, அதற்கு இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு இதே பயிற்சி வேண்டும். ஆண்டு முடியும் வரை மருத்துவச் சான்று கிடைக்கவில்லை.

இரண்டாம் சிறுவன் சூளைப் பள்ளியில் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை படித்தான். ஜூனில் திரும்பி வந்தபோது கழித்தலும் வாய்பாடும் மறக்கவில்லை. வகுத்தல், பின்னம் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

இனி மாற்ற வேண்டியவை

பார்வைச் சோதனை ஜூனிலேயே நடந்திருக்க வேண்டும். 34 பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு மதியம் போதும். கேட்கும் திறனையும் அதோடு பார்த்துவிடலாம்: பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மெல்லிய குரலில் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது. சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைகள் மழைக்காலத்தில் அதிகம் என்பதால் நவம்பரில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சிறுமி இழந்த நான்கு மாதம் முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

படித்தல், கேட்டல் ஜோடிச் சோதனையைத் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு முன்பே, ஜூலையில் செய்யலாம். எல்லாருக்கும் தேவையில்லை. எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் கீழே நிற்பவர்களுக்கு மட்டும் போதும்.

சூளைக்குப் போகும் குடும்பங்களோடு பேச ஜனவரி மிகவும் தாமதம். முன்பணம் வாங்கும்போதே எந்தச் சூளை என்பது தெரிந்துவிடும். அப்போதே அந்தப் பகுதிப் பள்ளிக்குச் சொன்னால் மூன்று வாரம் வீணாகாது. தம்பி தங்கைக்கு அங்கன்வாடியில் இடம் கேட்காமல் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது நடக்காத காரியம். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். டீக்கடைச் சிறுவனுக்குக் கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிக்க ஒரு பருவம் போய்விடும். ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே அவனுடைய பக்கத்தைப் படியெடுத்து எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது என்றும், காலைப் பயிற்சியைத் தமிழாசிரியர் ‘ழ’விலிருந்து தொடர்வது என்றும் தலைமையாசிரியர் முன்னிலையில் முடிவாகியிருக்கிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் 8.50 மணிப் பயிற்சியை மதிய உணவுக்குப் பிந்தைய இருபது நிமிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.